வெளித் தடத்தில் ஓடிய எரிக் லிடெல்: 400 மீட்டரின் வேகக் கணக்கு

தமிழ்ப்பள்ளித் திடலில் 100 மீட்டரும் 200 மீட்டரும் ஓடிப் பழகிய பிள்ளை, இடைநிலைப்பள்ளிக்குப் போய் முதன்முறையாக 400 மீட்டர் ஓடும்போது என்ன நடக்கும் என்பது பத்து காஜா வட்டாரத்தில் திடல்தடப் போட்டி பார்த்தவர்களுக்குத் தெரியும். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் பிள்ளை பாய்ந்துவிடும். முதல் வளைவில் முன்னிலை, எதிர்நேர்பாதையில் இன்னும் முன்னிலை. கூடாரத்தில் இருக்கும் உறவுக்காரர்கள் எழுந்து நின்று கத்துவார்கள். கடைசி நேர்பாதைக்குள் நுழையும்போது தொடை கல்லாகிவிடும், கை தூக்க வராது, தலை ஆடும். பின்னால் வந்த மூன்று பேர் தாண்டிப் போவார்கள். அடுத்த ஆண்டு அதே பிள்ளை பயந்து மெதுவாகத் தொடங்கும். முடிக்கும்போது மூச்சும் தெம்பும் மிச்சம் இருக்கும், பதக்கம் இருக்காது.

முதல் பாதியை எவ்வளவு வேகமாக ஓடுவது? இந்த ஒரு கேள்விதான் 400 மீட்டர். நூறாண்டுக்கு முன்பு பாரிஸ் நகரில் ஒரு மனிதர் இதற்குத் தன் கால்களால் ஒரு பதில் சொன்னார். அவர் பெயர் எரிக் லிடெல். ஞாயிற்றுக்கிழமை ஓட மாட்டேன் என்று ஒலிம்பிக் 100 மீட்டரை விட்டுக்கொடுத்தவர் என்றே உலகம் அவரை நினைவு வைத்திருக்கிறது. அது உண்மைதான். ஆனால் ஓடுகிற பிள்ளைக்கும் ஓட வைக்கிற ஆசிரியருக்கும் அவர் வாழ்க்கையில் அதைவிடப் பயனுள்ள ஒரு பகுதி உண்டு.

லிடெல் ஸ்காட்லாந்துக்காரர் என்றாலும் பிறந்தது சீனாவில். 1902 ஜனவரி 16ஆம் நாள் தியன்சின் நகரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் லிடெல் லண்டன் மிஷனரி சங்கத்தின் போதகர். எரிக்குக்கு ஆறு வயதாகும்போது அவரையும் அண்ணன் ராபர்ட்டையும் லண்டனில், மிஷனரிகளின் பிள்ளைகளுக்கென்று நடந்த விடுதிப் பள்ளியில் விட்டுவிட்டுப் பெற்றோர் சீனாவுக்குத் திரும்பிவிட்டார்கள். பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு வேலை தேடித் தோட்டம் மாறிய குடும்பங்களுக்கு அந்த வலி புரியும். அந்த விடுதியில் எரிக் வளர்ந்தது விளையாட்டில்தான்.

1920இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அறிவியல் படிக்கச் சேர்ந்தார். ரக்பி ஆட்டத்தில் ஸ்காட்லாந்து அணிக்கு ஏழு முறை ஆடினார். ஓட்டத்தில் டாம் மெக்கெர்ச்சர் என்பவர் பயிற்றுநராக வாய்த்தார். லிடெல் ஓடும் விதம் பார்க்க அழகாக இருக்காது. தலை பின்னால் சாயும், வாய் திறந்திருக்கும், கைகள் காற்றாடிபோல் சுழலும், முழங்கால் மார்புக்கு வரும். பயிற்றுநர்கள் முகம் சுளித்தார்கள். கடிகாரம் மட்டும் சுளிக்கவில்லை. 1923 ஜூலையில் லண்டனில் நடந்த தேசியப் போட்டியில் 100 கஜத்தை 9.7 விநாடியில் ஓடினார். பிரிட்டனில் அந்தச் சாதனை பல ஆண்டு நின்றது.

அதே மாதம் ஸ்டோக் நகரில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து மூன்றும் மோதிய போட்டி. 440 கஜ ஓட்டம், அதாவது 402 மீட்டர் சொச்சம். தொடங்கிய சில அடிகளிலேயே ஒருவர் இடித்ததில் லிடெல் தடுமாறித் தடத்துக்கு வெளியே புல்லில் விழுந்தார். எழுந்து பார்த்தபோது மற்றவர்கள் 20 கஜம் போய்விட்டார்கள். எழுந்து ஓடினார், ஒவ்வொருவராகத் தாண்டினார், வென்றார். நேரம் 51.2 விநாடி. எல்லைக்கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார். இந்தக் கதையை வீரக்கதையாகவே சொல்வார்கள். ஆனால் அதில் ஒரு தகவல் ஒளிந்திருக்கிறது. நூறு கஜத்துக்கு மட்டும் உரியவர் என்று நினைத்த இந்தக் கால்களுக்குள் 400 மீட்டர் தாங்கும் சரக்கு இருக்கிறது என்பது அன்று தெரிந்துபோனது.

1924 பாரிஸ் ஒலிம்பிக்கின் அட்டவணை வந்தது. 100 மீட்டர் முதல்சுற்று ஞாயிற்றுக்கிழமை. லிடெல் ஞாயிறை ஓய்வுநாளாகக் கடைப்பிடிப்பவர். 100 மீட்டர் வேண்டாம் என்றார், இரண்டு அஞ்சல் ஓட்டங்களும் வேண்டாம் என்றார். பத்திரிகைகள் திட்டின. 1981இல் வந்து ஆஸ்கார் வாங்கிய 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' திரைப்படத்தில், பாரிஸுக்குக் கப்பல் ஏறும்போதுதான் அவருக்கு இது தெரியவருவதாகக் காட்டுவார்கள். படத்துக்கு அது நன்றாக இருக்கிறது, ஆனால் நடந்தது அப்படி இல்லை. பல மாதங்களுக்கு முன்பே அவருக்குத் தெரியும். இந்த வித்தியாசம் சின்ன விஷயம் அல்ல. கப்பலில் முடிவெடுத்து ஐந்தாறு நாளில் 400 மீட்டர் ஓடி ஜெயிக்க யாராலும் முடியாது. அந்த மாதங்களில்தான் மெக்கெர்ச்சரும் லிடெல்லும் புதிய தூரத்தின் வேகத்தைப் பழகினார்கள்.

அந்தத் தூரம் ஏன் அவ்வளவு சிக்கலானது? முழு வேகத்தில் ஓடும்போது தசை தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் உடனடிச் சக்தியைச் சில விநாடிகளில் தீர்த்துவிடும். பிறகு சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமலே எரித்துச் சமாளிக்கும். அந்த வழியில் தசையில் அமிலத்தன்மை ஏறும், ஏற ஏறக் கால் சொன்னபடி கேட்காது. 100 மீட்டரில் இந்தக் கடன் கழுத்தைப் பிடிப்பதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். 400 மீட்டரில் கடன்காரன் கடைசி நேர்பாதையில் வந்து நிற்பான். லிடெல் ஓடிய அதே காலத்தில்தான் இங்கிலாந்தில் நோபல் பரிசு பெற்ற ஏ. வி. ஹில் ஓட்டக்காரர்களின் மூச்சை அளந்து இந்த ஆக்சிஜன் கடனைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். அரை நூற்றாண்டு கழித்து, 1970களின் தொடக்கத்தில், அமெரிக்கக் கணித அறிஞர் ஜோசப் கெல்லர் இதைச் சமன்பாடாகவே போட்டுப் பார்த்தார். அவர் கணக்கில் 291 மீட்டர் வரை ஒரு மனிதர் தொடக்கம் முதல் முடிவு வரை முழு மூச்சாக ஓடலாம். அதற்கு மேற்பட்ட தூரமானால் ஒரு வேகத்தைப் பிடித்து அதில் நிற்க வேண்டும். 400 மீட்டர் அந்தக் கோட்டுக்குச் சற்று வெளியே விழுகிறது. நூறு மீட்டர் ஓடுவதுபோல் ஓடினால் பாழ், மைல் ஓடுவதுபோல் ஓடினாலும் பாழ்.

1924இல் பெரும்பாலோர் பின்பற்றிய வழி, முதல் வளைவில் பாய்ந்து இடம்பிடிப்பது, நடுவில் காலைத் தளர்த்தி மிதப்பது, கடைசியில் மிச்சத்தைக் கொட்டுவது. லிடெல் அந்த ஜூன் மாதம் பிரிட்டனின் தேசியப் போட்டியில் 440 கஜத்தை 49.6 விநாடியில் வென்றிருந்தார். நல்ல நேரம்தான், ஆனால் ஒலிம்பிக் தங்கத்துக்கு அது போதாது.

ஜூலை 6, ஞாயிறு. 100 மீட்டர் முதல்சுற்று அவர் இல்லாமல் நடந்தது. அதில் தங்கம் பிறகு சக அணிக்காரர் ஹாரல்ட் ஆப்ரகாம்சுக்குப் போனது. ஜூலை 9ஆம் நாள் 200 மீட்டர் இறுதியில் லிடெல்லுக்கு வெண்கலம், 21.9 விநாடி. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மறுநாள் 400 மீட்டர் தொடங்கியது. முதல்சுற்றில் 50.2 விநாடி, வென்றால் போதும் என்ற ஓட்டம். அடுத்த சுற்றில் சுவிட்சர்லாந்தின் யோசப் இம்பாக் 48.0 ஓடி எல்லோரையும் மிரட்டினார். ஜூலை 11 அரையிறுதியில் அமெரிக்காவின் ஹொரேஷியோ ஃபிட்ச் 47.8 ஓடி அதையும் தாண்டினார். லிடெல் தன் அரையிறுதியை 48.2இல் முடித்தார். இவ்வளவும் முடிந்து அதே நாளில் இறுதி ஓட்டம்.

குலுக்கலில் லிடெல்லுக்கு விழுந்தது ஆறாவது தடம், ஆகக் கடைசி வெளித் தடம். கொலோம்ப் அரங்கின் சுற்று இன்றுபோல் 400 மீட்டர் அல்ல, 500 மீட்டர், கரித்தூள் பரப்பிய பாதை. காலை ஊன்றிப் பாயும் கட்டை அப்போது இல்லை. ஆளுக்கொரு சிறு கரண்டியால் குழி தோண்டி அதில் கால் வைத்துத்தான் புறப்பட வேண்டும். வெளித் தடத்தில் நிற்பவருக்கு வளைவைச் சமன்செய்ய மற்றவர்களைவிட முன்னால் தொடக்கக் கோடு போட்டிருப்பார்கள். அவர் யாரையும் பார்க்க முடியாது, அவரை எல்லோரும் பார்க்கலாம். யாரைத் துரத்துவது, யாரோடு ஒட்டிப் போவது என்ற துணை அவருக்குக் கிடையாது. இதனால்தான் வெளித் தடம் விழுந்தால் இன்றும் பிள்ளைகள் முகம் வாடுவார்கள்.

லிடெல் மற்ற ஐந்து பேருக்கும் கைகொடுத்துவிட்டுக் குழியில் கால் வைத்தார். துப்பாக்கி வெடித்தது. முதல் 200 மீட்டரை 22.2 விநாடியில் கடந்தார் என்று பதிவு சொல்கிறது. இரண்டு நாளுக்கு முன்பு 200 மீட்டர் இறுதியில் உயிரைக் கொடுத்து ஓடியது 21.9. இடைவெளி வெறும் 0.3 விநாடி. மீதி 200 மீட்டர் இன்னும் பாக்கி இருக்கும்போது இது பைத்தியக்காரத்தனம் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் இவர் எப்போது தளர்ந்து விழுவார் என்று காத்திருந்தார்கள். அவர் விழவில்லை. விழுந்தவர்கள் வேறு இருவர். இம்பாக் விழுந்து ஓட்டத்தை முடிக்கவே இல்லை. அமெரிக்காவின் கோர்ட் டெய்லர் எல்லைக்கருகில் விழுந்து எழுந்து தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தார். லிடெல் தலையைப் பின்னால் சாய்த்து 47.6 விநாடியில் முடித்தார். புதிய ஒலிம்பிக் சாதனை. இரண்டாவதாக ஃபிட்ச், 48.4. மூன்றாவது பிரிட்டனின் கை பட்லர், 48.6. இதை உலக சாதனை என்று பலர் எழுதுகிறார்கள். அமெரிக்கரான டெட் மெரிடித் 1916லேயே அதைவிடக் கொஞ்சம் நீளமான 440 கஜத்தை 47.4இல் ஓடியிருந்தார் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

பிறகு வெற்றிக்குக் காரணம் கேட்டவர்களுக்கு, முதல் பாதியைத் தன்னால் முடிந்தவரை வேகமாக ஓடியதாகவும், இரண்டாம் பாதியைக் கடவுள் துணையால் அதைவிட வேகமாக ஓடியதாகவும் அவர் சொன்னார் என்பார்கள். பக்தியில் அது சரியாக இருக்கலாம். கடிகாரம் வேறு சொல்கிறது. 47.6இல் 22.2 போனால் 25.4. இரண்டாம் பாதி 3.2 விநாடி மெதுவு. 400 மீட்டரில் கடைசியில் யாரும் வேகம் கூட்டுவதில்லை. எல்லோரும் தளர்கிறார்கள், குறைவாகத் தளர்கிறவர் பாய்ந்து வருவதுபோல் தெரிகிறது. திடலோரத்தில் நின்று "இப்ப வேகத்தைக் கூட்டு" என்று கத்துவது அந்தப் பிள்ளையிடம் இல்லாத ஒன்றைக் கேட்பது.

ஃபிட்ச்சின் எண்களைப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். அரையிறுதியில் 47.8 ஓடியவர், அதே நாளில், அதே பாதையில், இறுதியில் 48.4க்கு இறங்கினார். இம்பாக் 48.0 ஓடக்கூடியவர், முடிக்கவே இல்லை. ஒரே நாளில் இரண்டாம் ஓட்டம் என்ற களைப்பு எல்லோருக்கும் பொது. ஆனால் கண்ணுக்கு முன்னால் ஒருவர் முழு வேகத்தில் விலகிப் போவதைப் பார்த்து ஓட வேண்டியிருந்தது உள் தடங்களில் இருந்தவர்களுக்கு மட்டும். வெளித் தடத்தில் லிடெல்லுக்குக் கண்ணில் பட ஆள் இல்லை. அவர் பழகிய வேகம் ஒன்றுதான் அவரிடம் இருந்தது. சுமையென்று நினைத்த தடம் அன்று அவருக்கு உதவியிருக்கலாம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவின் வேய்ட் வான் நிக்கர்க் 43.03 விநாடி உலக சாதனை படைத்ததும் ஆகக் கடைசியான எட்டாம் தடத்திலிருந்துதான்.

லிடெல்லின் வழியை அப்படியே நகல் எடுப்பது எல்லோருக்கும் ஆகாது. மைக்கேல் ஜான்சன் 1999இல் 43.18 ஓடியபோது முதல் பாதி 21.22, இரண்டாம் பாதி 21.96. வித்தியாசம் ஒரு விநாடிகூட இல்லை. வான் நிக்கர்க் ஓட்டத்தில் முதல் பாதி ஏறத்தாழ 20.5, அடுத்தது 22.5. இருவருமே உலக சாதனையாளர்கள். எதிர்ப்பக்கத்து உதாரணம் மில்கா சிங். 1960 ரோம் ஒலிம்பிக் இறுதியில் பாதி தூரத்துக்கு மேல் முன்னணியில் ஓடியவர், இந்த வேகம் தாங்காது என்று எண்ணிச் சற்றுத் தணித்தார். அந்தச் சற்றுக்குள் மூவர் தாண்டிவிட்டார்கள். நான்காம் இடம். வாழ்நாள் முழுவதும் அந்தச் சில அடிகளை அவர் மறக்கவில்லை. நம் நாட்டிலும் 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் எம். ராஜாமணி பெண்கள் 400 மீட்டரில் தங்கம் வாங்கிய நாளை நினைவு வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அப்படியானால் ஒரு பிள்ளைக்கு எது சரியான வேகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? லிடெல்லின் எண்களே வழி காட்டுகின்றன. அவருடைய 200 மீட்டர் நேரம் 21.9. அதை இரட்டித்தால் 43.8. அவர் ஓடிய 47.6க்கும் இதற்கும் வித்தியாசம் 3.8 விநாடி. நன்கு பயிற்சி பெற்றவருக்கு இந்த வித்தியாசம் மூன்றரை நான்கு விநாடி இருக்கும், பள்ளிப் பிள்ளைக்கு ஐந்து ஆறுகூட ஆகலாம். 200 மீட்டரை 30 விநாடியில் ஓடும் பிள்ளை 400 மீட்டரை 65 விநாடிக்கு எதிர்பார்க்கலாம். முதல் 200ஐ 30இல் ஓடினால் கடைசி நேர்பாதையில் நடக்க நேரிடும், 34இல் ஓடினால் நேரத்தை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். 31க்கும் 32க்கும் நடுவில் எங்கோ அந்தப் பிள்ளையின் வேகம் இருக்கிறது. அதைப் போட்டி நாளில் தேடக் கூடாது. முன்கூட்டியே 300 மீட்டர் ஓடவிட்டு, 200 மீட்டர்க் குறியில் ஒருவர் கடிகாரத்தோடு நின்று நேரத்தைச் சொல்ல வேண்டும். சில வாரம் போனால் கடிகாரம் இல்லாமலே பிள்ளை அந்த வேகத்தைக் காலில் உணரும். திடலும், ஒரு கைத்தொலைபேசியும், பொறுமையான ஒரு அண்ணனோ ஆசிரியரோ இருந்தால் போதும்.

பாரிஸிலிருந்து திரும்பிய லிடெல்லைப் பட்டமளிப்பு நாளில் மாணவர்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். மறு ஆண்டே, 23 வயதில், புகழின் உச்சியில் இருந்தவர் சீனாவுக்குப் போய்விட்டார். தியன்சின் கல்லூரி ஒன்றில் அறிவியலும் விளையாட்டும் கற்றுக்கொடுத்தார். 1929இல் ஜெர்மனியின் புகழ்பெற்ற ஓட்டக்காரர் ஓட்டோ பெல்ட்சர் தியன்சின் வந்தபோது இருவரும் மோதினார்கள். 400 மீட்டர் லிடெல்லுக்கு, 800 மீட்டர் பெல்ட்சருக்கு. அந்தப் பெல்ட்சர்தான் பின்னாளில் டில்லியில் தங்கி இந்தியப் பிள்ளைகளுக்கு ஓட்டம் கற்றுக்கொடுத்தவர்.

1934இல் லிடெல் கனடா நாட்டுச் செவிலியர் ஃபுளோரன்ஸ் மெக்கன்சியை மணந்தார். 1937க்குப் பிறகு ஜப்பான்-சீனப் போருக்கு நடுவே கிராமப்புற ஊழியத்துக்குப் போனார், மருத்துவரான அண்ணனும் அங்கே இருந்தார். 1941இல் நிலைமை மோசமானதும் கர்ப்பிணியான மனைவியையும் இரண்டு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டுத் தாம் தங்கினார். மூன்றாவது மகளை அவர் பார்க்கவே இல்லை. 1943 மார்ச்சில் ஜப்பானியர் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தார்கள்.

நம் தோட்டங்களிலிருந்து ஆட்களைச் சயாம் மரண ரயில் பாதைக்கு ஏற்றிக்கொண்டு போன அதே ஜப்பான்காரன் காலம் அது. லிடெல் முகாமுக்குள் போன ஆண்டில்தான் பாப்பானில் போராளிகளுக்கு மருத்துவம் பார்த்த சிபில் கார்த்திகேசு கைதானார். சித்திரவதைக்குப் பிறகு அவர் அடைக்கப்பட்டது பத்து காஜா சிறையில். விடுதலையாகி, சிகிச்சைக்குப் பிரிட்டன் போய், 1948இல் இறந்த அவரை முதலில் அடக்கம் செய்தது லிடெல்லின் ஸ்காட்லாந்தில், லனார்க் என்ற ஊரில். பிறகுதான் ஈப்போவுக்குக் கொண்டுவந்தார்கள்.

வெய்சியன் முகாமில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். பெற்றோரைப் பிரிந்த பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேர். லிடெல் அவர்களுக்கு அறிவியல் பாடம் நடத்தினார், முதியவர்களுக்குத் தண்ணீர் சுமந்தார், மாலையில் ஓட்டமும் ஹாக்கியும் நடத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் விளையாட்டு இல்லை. ஒரு ஞாயிறு பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆடி, நடுவர் இல்லாமல் அடித்துக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு லிடெல் திடலுக்கு வந்து நடுவராக நின்றார். ஒலிம்பிக் தங்கத்துக்காக விட்டுக்கொடுக்காத ஞாயிறு அது.

1944 இறுதியில் அவருக்குத் தலைவலி தொடங்கியது, நடை தளர்ந்தது. வேலை மிகுதி, மனச்சோர்வு என்று நினைத்தார்கள். மூளையில் கட்டி இருந்தது. 1945 பிப்ரவரி 21ஆம் நாள் இறந்தார், வயது 43. முகாம் விடுதலையானது அந்த ஆகஸ்டில்.

இறப்பதற்குச் சில வாரம் முன்பு, குளிர்காலத்தில் காலில் போட ஒன்றும் இல்லாத ஒரு பையனிடம், நூலால் சுற்றிக் கட்டிய தன் பழைய ஓட்டக் காலணிகளை லிடெல் கொடுத்திருந்தார். பனி பெய்த நாளில் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் அந்தப் பையனும் ஒருவன். காலில் அந்தக் காலணிகளைப் போட்டிருந்தான்.